இளகும் திசை, இறுகும் திசை

சில ஆண்டுகள் நன்றாக ஓடிய காரில் திடீரென ஒரு சத்தம் கேட்கத் தொடங்கும். வேகத்தடைக்கு முன்னால் பிரேக்கை மிதித்ததும் காலடியில் ஒரு 'டொக்'. பிரேக்கை விட்டதும், அதைவிடச் சன்னமாக இன்னொரு 'டொக்'. ரிவர்ஸ் எடுத்து நிறுத்தும்போது தெளிவாகக் கேட்கும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது கேட்கவே கேட்காது. மெக்கானிக் ஷாக் அப்சார்பரைப் பார்க்கிறார், பால் ஜாயிண்ட்டை ஆட்டிப் பார்க்கிறார், ஸ்டெபிலைசர் லிங்கை மாற்றியும் பார்க்கிறார். எல்லா போல்ட்டும் இறுக்கமாகவே இருக்கின்றன. சத்தம் மட்டும் போவதில்லை.

எல்லாம் இறுக்கமாக இருக்கும் வண்டியில் எது எதன்மேல் மோதுகிறது? பல கார்களில் இதற்கான விடை, அடிப்பாகத்தில் எளிதில் கண்ணில் படாத நான்கு ரப்பர் உருளைகளில் இருக்கிறது. அந்த விடை இன்னொரு கேள்வியையும் எழுப்பும். எஃகும் எஃகும் அசையாமல் பிணைந்திருக்க வேண்டிய இடத்தில் ரப்பருக்கு என்ன வேலை?

கூட்டுக்கு அடியில் ஒரு சட்டகம்

லாரிகளுக்கு அடியில் நீளவாக்கில் இரண்டு எஃகு விட்டங்கள் ஓடும். அதுதான் சேஸிஸ். இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அது கிடையாது. தரை, தூண், கூரை எல்லாமே மெல்லிய தகடுகளை மடித்து, புள்ளி புள்ளியாகப் பற்றவைத்துச் செய்த ஒரே கூடு. தகட்டின் தடிமன் பல இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்கு அக்கம்பக்கம்தான். கூடாகச் சேர்ந்து நிற்கும்போது அதற்கு நல்ல பலம் உண்டு. ஆனால் பெரிய விசை ஒரே புள்ளியில் திரும்பத் திரும்ப விழுந்தால் அந்த இடம் விரிசல் விடும்.

அதனால் விசை அதிகம் விழும் பாகங்களைத் தனியாக ஒரு கனத்த எஃகுச் சட்டகத்தில் கோத்து, அந்தச் சட்டகத்தைக் கூட்டின் வலுவான சில இடங்களில் போல்ட் போட்டுப் பிணைக்கிறார்கள். இதன் பெயர் சப்ஃபிரேம்; தமிழில் துணைச்சட்டகம் எனலாம். சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், ஸ்டீயரிங் ரேக், ஸ்டெபிலைசர் பார், சில வண்டிகளில் இன்ஜினின் ஒரு பிடிமானம் ஆகியவை இதில்தான் உட்கார்ந்திருக்கும்.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959இல் வெளிவந்த பிரிட்டனின் மினி காரில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு துணைச்சட்டகங்கள் இருந்தன. அந்தச் சின்ன வண்டியின் மெல்லிய கூட்டில் சக்கரங்களின் சுமை ஓரிடத்தில் குவியாமல் பரவ அவை வழிசெய்தன. ஆனால் முன் துணைச்சட்டகம் கூட்டோடு நேராக இறுக்கப்பட்டிருந்ததால் இன்ஜினின் அதிர்வும் சாலையின் இரைச்சலும் தடையின்றி உள்ளே வந்தன. 1976இல்தான் அதற்கும் கூட்டுக்கும் இடையே ரப்பர் வைத்தார்கள். இன்றும் பல சிறிய கார்களில் துணைச்சட்டகம் ரப்பர் இல்லாமல் நேராகவே பிணைக்கப்படுகிறது. அப்படிப்பட்ட வண்டியில் இந்த அத்தியாயம் பேசும் கோளாறு வராது. அதற்கு ஈடாக இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ரப்பர் உருளையைப் பட்டறையில் புஷ் என்பார்கள். நடுவே போல்ட் நுழையும் உலோகக் குழல், வெளியே சட்டகத்தின் துளையில் இறுக்கமாக அமரும் உலோக உறை, இரண்டுக்கும் இடையே ரப்பர். குழல் கூட்டைச் சேர்ந்தது, உறை துணைச்சட்டகத்தைச் சேர்ந்தது. அந்த ரப்பர் வழியாக மட்டுமே இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன.

அதிர்வு எங்கே நிற்கிறது

ரப்பர் அதிர்வை 'உறிஞ்சிக்கொள்கிறது' என்று சொல்வது வழக்கம். அது பாதி உண்மைதான். ஒரு நீளமான ரப்பர் பேண்டில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டால் மீதிப் பாதி தெரியும். கையை மெதுவாக ஏற்றி இறக்கினால் பூட்டும் கூடவே ஏறி இறங்கும். கொஞ்சம் வேகப்படுத்தினால், ஒரு குறிப்பிட்ட தாளத்தில் பூட்டு கையைவிட அதிகமாகக் குதிக்கும். இன்னும் வேகமாகக் கையை ஆட்டினால் பூட்டு ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கும். ரப்பர் மட்டும் நீண்டு சுருங்கும்.

பூட்டு அதிகமாகக் குதித்த தாளம்தான் அந்த அமைப்பின் இயல்பு அதிர்வெண். வெளியிலிருந்து வரும் ஆட்டம் அந்த அதிர்வெண்ணைப்போல் 1.4 மடங்குக்கு மேல் வேகமாக இருந்தால்தான் ரப்பர் அதைக் குறைத்துக் கடத்தும். அதற்குக் கீழே குறைக்காது, சில சமயம் கூட்டவும் செய்யும்.

காரில் வரும் ஆட்டங்களை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். நான்கு சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 750 சுற்று ஓடினால் நொடிக்கு 12.5 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை எரிபொருள் வெடிக்கும் என்பதால் நொடிக்கு 25 அதிர்வு. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு 16.7 மீட்டர் கடக்கிறது. சாலையில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு சிறு மேடு இருந்தால் நொடிக்கு 167 அதிர்வு. காதில் உறுமலாகக் கேட்பது இந்தப் பகுதிதான். துணைச்சட்டகத்தின் எடையும் புஷ்ஷின் விறைப்பும், இந்த வேகமான அதிர்வுகள் கூட்டுக்குள் போகாதபடி கணக்கிட்டுப் பொருத்தப்படுகின்றன. ஸ்டீயரிங்கைத் திருப்புவதும் பிரேக்கை மிதிப்பதும் அவற்றோடு ஒப்பிட்டால் மிக மெதுவான செயல்கள். ஆகவே அந்த விசைகள் குறையாமல் கடந்துபோகின்றன. ஒரே ரப்பர் ஓட்டுநரின் கட்டளையை விட்டுவிட்டுச் சாலையின் இரைச்சலை மட்டும் தடுப்பது இப்படித்தான்.

ஒரே ரப்பருக்கு இரண்டு குணம்

ஆனால் மெதுவான விசை அப்படியே கடப்பதற்கும் ஒரு விலை உண்டு. விசை கடக்கும்போது ரப்பர் கொஞ்சம் அமுங்கும். ஸ்டீயரிங் ரேக் உட்கார்ந்திருக்கும் சட்டகம் பக்கவாட்டில் நகர்ந்தால் வண்டி திருப்பத்துக்குத் தாமதமாக இணங்கும். முன்பின்னாகக் கொஞ்சம் நகர்ந்தால் பெரிய கேடில்லை. குழியின் விளிம்பில் சக்கரம் இடிக்கும்போது அந்த இளக்கம் நல்லதுகூட. மிஷலின் நிறுவனம் 1946இல் காப்புரிமை பெற்ற ரேடியல் டயர் உலகெங்கும் பரவியபோது இந்த முன்பின் இளக்கம் இன்னும் அவசியமானது. ரேடியல் டயரின் விறைப்பான எஃகுப் பட்டை, சாலையின் சிறு இணைப்புகளில்கூட முன்பின்னாக இடியைக் கடத்தியது.

எனவே புஷ் ஒரு திசையில் இளக வேண்டும், இன்னொரு திசையில் இறுக வேண்டும். இதைச் செய்வது ரப்பரின் ஒரு விசித்திர குணம். ரப்பர் எளிதில் உருமாறும், ஆனால் கனஅளவில் சுருங்காது. ஓரிடத்தில் அழுத்தினால் இன்னோரிடத்தில் பிதுங்கும். பிதுங்க இடமில்லாமல் நாலாபக்கமும் உலோகம் அடைத்திருந்தால் ரப்பர் கல்லைப்போல் எதிர்க்கும். ஆகவே புஷ்ஷை வார்க்கும்போது குழலுக்கு முன்னும் பின்னும் பிறைவடிவில் இரண்டு வெற்றிடங்களை விடுகிறார்கள். அந்தத் திசையில் ரப்பர் பிதுங்க இடமுண்டு, இளகுகிறது. பக்கவாட்டில் இடமில்லை, இறுகுகிறது. விலையுயர்ந்த சில வண்டிகளில் உள்ளே கிளைகால் கலந்த திரவ அறைகளும் உண்டு. திரவம் குறுகிய வழியில் ஓடும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாகிக் கரையும்.

பழைய புஷ் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு அந்தப் பிறைகள் ஏதோ உடைந்துபோன ஓட்டைகள்போல் தோன்றலாம். உண்மையில் அந்தப் பொருளின் அறிவு முழுவதும் அந்த வெற்றிடங்களில்தான் இருக்கிறது.

ஒரு பிரேக் கணக்கு

புஷ் தாங்கும் விசை எவ்வளவு? ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள முன்சக்கர இயக்கக் கார் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். உலர்ந்த சாலையில் பலமாக பிரேக் போட்டால், டயர்கள் சாலையில் காட்டும் பிடிவிசை வண்டியின் எடையில் சுமார் 0.8 பங்கு. அதாவது 960 கிலோ எடைக்குச் சமமான விசை. பிரேக் போடும்போது வண்டி முன்னால் சாய்வதால் இதில் 70 சதவீதத்தை முன்சக்கரங்கள் ஏற்கின்றன: சுமார் 670 கிலோ.

இந்த விசை டயர் தரையைத் தொடும் இடத்தில் பின்னோக்கித் தள்ளுகிறது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் அமைப்பு அதற்கு மேலே இரண்டு இடங்களில் வண்டியோடு சேர்கிறது: தரையிலிருந்து சுமார் 20 சென்டிமீட்டர் உயரத்தில் லோயர் ஆர்மின் பால் ஜாயிண்ட், சுமார் 80 சென்டிமீட்டர் உயரத்தில், ஷாக் அப்சார்பர் அடங்கிய ஸ்ட்ரட்டின் மேல்முனை. மேல்முனையை ஊன்றுபுள்ளியாகக் கொண்டால் இது ஒரு நெம்புகோல். தரைவிசை 80 சென்டிமீட்டர் தூரத்தில் செயல்படுகிறது. அதை எதிர்த்து நிற்கும் பால் ஜாயிண்ட் 60 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஆகவே பால் ஜாயிண்ட் தாங்க வேண்டியது 670 கிலோ அல்ல. அதன் மூன்றில் நான்கு மடங்கு, சுமார் 890 கிலோ. மிகுதியான 220 கிலோ மேல்முனையில் எதிர்த்திசையில், முன்னோக்கித் தள்ளும்.

பிரேக் விசையைவிட அதிகமான விசை துணைச்சட்டகத்துக்கு வருகிறது என்பதே இதில் கவனிக்க வேண்டியது. நான்கு புஷ்கள் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 220 கிலோ. ஒரு மில்லிமீட்டர் அமுங்க 200 கிலோ விசை கேட்கும் புஷ் என்றால், சட்டகம் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகப் பின்னால் நகரும். ஓட்டுநருக்கு அது தெரியவே தெரியாது.

இனி இடப்பக்கத்துப் புஷ்களில் ரப்பர் கிழிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பிரேக் போட்டதும் உறை சட்டகத்தோடு எதிர்ப்பின்றி நகர்ந்து, 5 மில்லிமீட்டர் தாண்டித் தடுப்பில் போய் இடிக்கிறது. அந்த இடிதான் 'டொக்'. பிரேக்கை விட்டதும் சட்டகம் பழைய இடத்துக்குத் திரும்பும்போது இரண்டாவது 'டொக்'. ஒரே வேகத்தில் ஓடும்போது விசையின் திசை மாறுவதில்லை, அதனால் சத்தமும் இல்லை.

சத்தத்தோடு விஷயம் முடிவதில்லை. இடப்பக்கம் 5 மில்லிமீட்டர், வலப்பக்கம் 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் வித்தியாசம் 4 மில்லிமீட்டர். புஷ்களுக்கு இடையே 90 சென்டிமீட்டர் அகலம் இருந்தால், துணைச்சட்டகம் முழுவதும் கால் டிகிரி இடப்பக்கம் திரும்பிவிடுகிறது. ஸ்டீயரிங் ரேக்கும் லோயர் ஆர்ம்களும் அதில்தான் இருக்கின்றன என்பதால் முன்சக்கரங்களும் கூடவே திரும்பும். 2.4 மீட்டர் சக்கர இடைவெளியுள்ள வண்டி அந்தக் கோணத்தில் சுமார் 540 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தில் செல்லும். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்க 18 மீட்டர் ஆகிறது. அதற்குள் வண்டி ஏறக்குறைய ஓர் அடி இடப்பக்கம் ஒதுங்கியிருக்கும். ஸ்டீயரிங்கைத் தொடாமலே! மழை பெய்த சாலையில், பக்கத்தில் இருசக்கர வாகனம் வரும்போது, அந்த ஓர் அடி சிறிய தூரமல்ல. தேய்ந்த புஷ்ஷை வெறும் சத்தக் கோளாறாகத் தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

ரப்பர் மூப்படைவது

இத்தகைய புஷ்களில் பெரும்பாலும் இயற்கை ரப்பரே அடிப்படை. கன்னியாகுமரி மாவட்டத்துத் தோட்டங்களில் வடிக்கப்படும் அதே மரத்தின் பால்தான். செயற்கை ரப்பர்கள் பல வந்த பிறகும் இதை விடாமல் பயன்படுத்தக் காரணம், நன்றாக இழுபடும்போது அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் வரிசையாக அமைந்து படிகம்போல் இறுகுவது. விரிசலின் நுனியில்தான் இழுவை மிக அதிகம். அங்கே ரப்பர் தானாகவே கெட்டியாகி விரிசல் பரவுவதைத் தடுக்கும்.

பச்சை ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். அதைக் கந்தகத்தோடு சூடாக்கினால் சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்புகள் உருவாகி நிலையான பொருளாகும். சார்ல்ஸ் குட்இயர் 1844இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற முறை இது. மூப்பும் இந்தப் பிணைப்புகளோடு தொடர்புள்ளதே. இன்ஜின் வெப்பமும் காற்றின் ஆக்சிஜனும் சேர்ந்து காலப்போக்கில் பிணைப்புகளை மேலும் கூட்டினால் ரப்பர் விறைத்து நொறுங்கும். சங்கிலிகளை அறுத்தால் தளர்ந்து பிசுபிசுக்கும். காற்றிலுள்ள சிறிதளவு ஓசோன், இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரின் மேற்பரப்பைக் கோடு கோடாக வெடிக்கச் செய்யும். இன்ஜினிலிருந்து கசியும் எண்ணெய் இயற்கை ரப்பருக்குள் ஊறி அதை ஊதவைத்துப் பலவீனமாக்கும். எண்ணெய்க் கசிவுள்ள வண்டியில் கசிவை நிறுத்தாமல் புஷ்ஷை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

ரப்பரைவிட முன்னதாக, அது உலோகத்தோடு ஒட்டியிருக்கும் பசைப்படலம் விட்டுவிடுவதும் உண்டு. அப்போது புஷ் வெளியே பார்க்கப் புதிதுபோலவே இருக்கும்.

பின் துணைச்சட்டகத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 1998 முதல் 2006 வரை விற்ற ஈ46 வகை பிஎம்டபிள்யூ 3 வரிசைக் கார்களில், பின் துணைச்சட்டகம் சேரும் இடத்தில் தரைத் தகடு விரிசல் விடுவது அந்த வண்டிகளைப் பழுதுபார்ப்பவர்கள் நன்கறிந்த ஒன்று. வேகமெடுக்கும்போதும் விடும்போதும் பின்சக்கரங்களின் முறுக்குவிசை சட்டகத்தைத் திரும்பத் திரும்ப நெம்புவதால் மெல்லிய தகடும் பற்றவைப்புப் புள்ளிகளும் களைத்துவிடுகின்றன. அடிப்படைக் காரணம் தகட்டின் அமைப்புதான். ஆனால் புஷ் தளர்ந்திருந்தால் நெம்புதல் இடியாக மாறி, களைப்பு விரைவுபடும். அங்கே புஷ்ஷை மாற்றும்போது தகட்டை விளக்கடித்துப் பார்க்காமல் வேலையை முடிப்பது சரியாகாது.

சந்தேகத்தை உறுதிசெய்தல்

இன்ஜின் மவுண்ட் கெட்டாலும் 'டொக்' கேட்கும் என்பதால் இரண்டையும் பிரித்தறிய வேண்டும். இன்ஜின் மவுண்ட் கெட்டிருந்தால் வண்டி நின்றிருக்க இன்ஜின் ஓடும்போதே நடுக்கம் தெரியும். கியர் மாற்றும்போது சத்தம் வரும். துணைச்சட்டகப் புஷ் கெட்டிருந்தால் பிரேக்கில்தான் அதிகம் தெரியும்.

லிஃப்ட்டில் ஏற்றியபின் புஷ்ஷுக்குப் பக்கத்தில் கடப்பாரை போன்ற நெம்புகோலை வைத்துச் சட்டகத்தை முன்பின்னாக நெம்பினால் நல்ல புஷ் சிறிது அசைந்து எதிர்க்கும். கெட்டது தொளதொளவென்று போய் இடிக்கும். குழல் உறையின் நடுவில் இல்லாமல் ஒருபக்கம் ஒதுங்கியிருப்பதும், திரவப் புஷ்ஷில் ஈரக்கசிவும் தெளிவான அடையாளங்கள். மேற்பரப்பில் மெல்லிய கீறல்கள் மட்டும் இருந்தால் அவசரப்பட வேண்டாம். ஓசோன் கீறல் உள்ளே ஆழமாகப் போகாத வரை புஷ் வேலை செய்யும்.

மாற்றும் வேலை

இது சாலையோரத்தில் ஜாக்கி போட்டுச் செய்யும் வேலையல்ல. சட்டகத்தில் இன்ஜினின் பிடிமானம் இருந்தால், முதலில் இன்ஜினை மேலிருந்து குறுக்குக் கம்பியில் தொங்கவிட வேண்டும். ஸ்டீயரிங்கை நேராக வைத்துப் பூட்டிவிட்டுத்தான் அதன் தண்டை ரேக்கிலிருந்து கழற்ற வேண்டும். தண்டு கழன்றபின் ஸ்டீயரிங் தன்போக்கில் சுற்றினால் ஏர்பேக்குக்குப் போகும் சுருள் கம்பி அறுந்துவிடும்.

சட்டகம் கூட்டில் எங்கே உட்கார்ந்திருந்தது என்பதைச் சுற்றிலும் பெயின்ட்டால் குறித்துவைப்பது அவசியம். போல்ட் துளைகளில் சற்று இடைவெளி இருப்பதால் சட்டகம் திரும்ப ஏறும்போது இரண்டு மூன்று மில்லிமீட்டர் தவறி உட்காரலாம். பக்கவாட்டில் 3 மில்லிமீட்டர் தவறினால், மேலே பார்த்த அதே 60 சென்டிமீட்டர் கணக்கில், சக்கரத்தின் சாய்வு கால் டிகிரிக்கு மேல் மாறும்; ஒரு சக்கரம் உள்ளே சாயும், மற்றது வெளியே. சில வண்டிகளில் இதற்கென்றே ஊசித்துளைகள் உண்டு. அவற்றில் கம்பியைச் செருகி நேர்படுத்தலாம்.

துருப்பிடித்த போல்ட்டோடு முரட்டுத்தனம் கூடாது. அதன் நட் கூட்டின் மூடிய பெட்டிக்குள் பற்றவைக்கப்பட்டிருக்கும். நட் பிய்த்துக்கொண்டு சுற்றத் தொடங்கினால் தரைத் தகட்டை வெட்டித்தான் பிடிக்க முடியும். துருநீக்கி எண்ணெயை முந்தைய நாளே விட்டு ஊறவைப்பதும், கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்தி, மெல்ல மெல்ல எடுப்பதும் பெரிய செலவைத் தவிர்க்கும்.

சட்டகத்தைச் சில சென்டிமீட்டர் இறக்கியதும் பழைய புஷ்ஷை எடுக்கலாம். எடுப்பதற்குமுன் அதன் பிறைகள் எந்தத் திசையைப் பார்க்கின்றன, உறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று சட்டகத்திலேயே குறிக்க வேண்டும். இந்த வேலை முழுவதிலும் மிக முக்கியமான குறி இதுதான். புதிய புஷ்ஷைத் தொண்ணூறு டிகிரி திருப்பி ஏற்றிவிட்டால் எல்லாம் இறுக்கமாகவே இருக்கும், சத்தமும் வராது. ஆனால் வண்டி குழியில் கடுமையாக இடிக்கும், திருப்பத்தில் இளகி ஓடும். இளக வேண்டிய திசையும் இறுக வேண்டிய திசையும் இடம் மாறிவிட்டன. பல புஷ்களில் அம்புக்குறியோ வெட்டுக்குறியோ இருப்பது இதற்காகத்தான்.

பழையதை நெருப்பு வைத்து உருக்கி எடுக்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. புகை நச்சு, பெட்ரோல் குழாய் அருகில் அது ஆபத்தும்கூட. திருகுக் கம்பியும் கிண்ணங்களும் கொண்ட இழுப்பான் கருவியால் சீராக இழுத்தெடுப்பதே முறை. துளையின் துருவை மெல்லத் தேய்த்துச் சுத்தம்செய்தபின் புதியதை அதே கருவியால் உள்ளே அழுத்தலாம். அழுத்தம் வெளி உறையில்தான் விழ வேண்டும், ரப்பரிலோ நடுக்குழலிலோ அல்ல. புஷ்ஷை முன்னதாக ஃப்ரீசரில் வைத்தால் 60 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உறை, 45 டிகிரி குளிர்ந்தால், சுமார் 0.03 மில்லிமீட்டர் சுருங்கும். இறுக்கமான பொருத்தத்தில் அந்தச் சிறு சுருக்கமும் உதவும். வழுக்கலுக்குச் சோப்புத் தண்ணீர் போதும். கிரீஸோ இன்ஜின் ஆயிலோ தடவினால் புதிய ரப்பர் முதல் நாளிலிருந்தே கெடத் தொடங்கும்.

ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றுவது கூடாது. பிரேக் கணக்கில் பார்த்ததுபோல, இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டியை ஒருபக்கம் இழுப்பது. நான்கையும் சேர்த்து மாற்றுவதே நல்லது; குறைந்தபட்சம் ஜோடியாக.

சட்டகத்தின் போல்ட்களைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்ச் கொண்டு இறுக்க வேண்டும். பல வண்டிகளில் இவை இறுக்கும்போது சற்று நீளும் வகை. ஒருமுறை நீண்டதை மறுபடி நம்ப முடியாது, புதியது போட வேண்டும். லோயர் ஆர்மின் புஷ் போல்ட்டைத் தளர்த்தியிருந்தால் அதற்கு வேறு விதி. அந்தப் புஷ் சக்கரத்தின் ஏற்ற இறக்கத்தோடு முறுக்கிக்கொள்ளும். சக்கரம் தொங்கும் நிலையில் அதை இறுக்கினால், வண்டி தரையில் நின்றதுமே ரப்பர் முறுக்கேறிய நிலையில் மாட்டிக்கொண்டு விரைவில் கிழியும். ஆகவே அதைச் சக்கரங்கள் தரையில் ஊன்றியபின்தான் கடைசியாக இறுக்க வேண்டும். துணைச்சட்டகப் புஷ்கள் முறுக்கிக்கொள்வதில்லை. அவற்றைத் தொங்கும் நிலையிலேயே இறுக்கலாம்.

எல்லாம் முடிந்தபின் வீல் அலைன்மென்ட்.

கெட்டியான புஷ் போடலாமா

பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக் இனத்துப் புஷ்கள் கடைகளில் கிடைக்கின்றன. எண்ணெய்க்கு அஞ்சாது, எளிதில் கிழியாது, ஸ்டீயரிங் கூர்மையாகும். பந்தய வண்டிகளில் அலுமினிய உருளையையே போடுகிறார்கள். ஆனால் இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு எல்லாத் திசையிலும் ஏறக்குறைய ஒரே விறைப்பு. விறைப்பு கூடினால் இயல்பு அதிர்வெண்ணும் கூடும். ரப்பர் பேண்டுக்குப் பதில் கம்பியில் பூட்டைக் கட்டியதுபோல, முன்பு தடுக்கப்பட்ட அதிர்வுகள் உள்ளே வரும். தரைத் தகடு ஏற்கெனவே பலவீனமான வண்டியில் இடியின் கூர்மையை மென்மையாக்க யாருமில்லாமல் போவதும் உண்டு. அன்றாடம் குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு, தயாரிப்பாளர் வடிவமைத்த அதே பிறைவடிவ ரப்பர் புஷ்தான் பொருத்தம். பந்தயத் தடத்துக்கு என்று ஒதுக்கிய வண்டியில் இரைச்சலை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அங்கே கெட்டியான புஷ்ஷுக்கு நியாயம் உண்டு.

புதிய புஷ்ஷோடு முதலில் ஓட்டும்போது, ஆளில்லாத இடத்தில் மெதுவாக முன்னும் பின்னும் பிரேக் போட்டுக் கேட்பது வழக்கம். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் ஒருமுறை லிஃப்ட்டில் ஏற்றி, பெயின்ட் குறிகள் நகராமல் இருக்கின்றனவா, குழல் உறையின் நடுவில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டால் வேலை முடிந்தது.